எழுத்து படித்தால் போதுமா? கண் பரிசோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ ஒரு கண்ணாடிக் கடையில் பவர் செக் பண்ணுகிறோம். கடைசி வரி வரை படித்துவிட்டால் 'கண் நல்லாத்தான் இருக்கு' என்று கிளம்பிவிடுகிறோம். இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான். எழுத்துப் பலகை நேர்ப்பார்வையின் கூர்மையை மட்டுமே அளக்கும். விழித்திரையில் ரத்தம் கசிவதையோ கண் நரம்பு பழுதாவதையோ அது காட்டாது. கண் நரம்பைப் பழுதாக்கும் கிளாக்கோமா நோய் பெரும்பாலும் வலியே இல்லாமல் ஓரப் பார்வையைத்தான் முதலில் தின்னும். அப்போதும் எழுத்துப் பலகையில் 6/6, அதாவது முழுக் கூர்மை, வரலாம். போன பார்வை திரும்ப வராது.

சுகர்காரர்கள் 'மங்கலா தெரிஞ்சா போகலாம்' என்று காத்திருக்கவே கூடாது. டைப் 2 சுகர் என்று தெரிந்தவுடனே விழித்திரையைப் பார்க்க வேண்டும், அப்புறம் பொதுவாக ஆண்டுக்கு ஒருமுறை. மாத்திரைக்காக ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குப் போகிறவர்கள் அங்கேயே கண் பிரிவிலும் காட்டலாம். 1819-இல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனையும் பக்கம்தான்.

பாப்பாவை, அதாவது கருவிழி நடுவில் இருக்கும் துளையை, விரிக்கும் சொட்டு மருந்து வேண்டாம் என்று சிலர் மறுக்கிறார்கள். விழித்திரையின் ஓரம் வரை நன்றாகப் பார்க்க அது தேவை. சில மணி நேரம் கண் கூசும், கிட்டப் பார்வை மங்கும். அந்தக் கண்ணோடு கன்டெய்னர் லாரி ஓடும் எண்ணூர் சாலையில் பைக் ஓட்டாதீர்கள். துணைக்கு ஆள் கூட்டிப் போங்கள்.

'பிரஷர் நார்மல்' என்றால் எந்த பிரஷர் என்று கேளுங்கள். ரத்த அழுத்தம் வேறு, கண் அழுத்தம் வேறு. கண் அழுத்தம் வழக்கமாக 10 முதல் 21 மி.மீ. பாதரச அளவு வரை இருக்கும். ஆனால் அதற்குள் இருந்தும் கிளாக்கோமா வருவதுண்டு. அதனால் நரம்பையும் பார்க்கச் சொல்லுங்கள், அம்மா அப்பாவுக்கோ கூடப்பிறந்தவர்களுக்கோ இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.

ஓரப் பார்வையை அளக்க, வெளிச்சப் புள்ளி தெரியும்போது பட்டனை அழுத்தும் பரிசோதனையில் பலரும் பதறிப்போகிறார்கள். எவ்வளவு மங்கல் வரை தெரிகிறது என்று அறியத்தான் அந்த மெஷின் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டே போகும். நல்ல கண்ணுக்கும் பல புள்ளிகள் தெரியாது. பாஸாக வேண்டும் என்று குத்துமதிப்பாக அழுத்தினால் ரிசல்ட்தான் கெடும். கண்ணை நடுவிலேயே வைத்திருங்கள், சிமிட்டலாம்.

இன்னொன்று, மெட்ராஸ் ஐ வந்தால் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஸ்டீராய்டு சொட்டு மருந்து போடும் பழக்கம். அதைத் தொடர்ந்து போட்டால் கண் அழுத்தம் ஏறலாம், கண்புரையும் வரலாம். வீட்டில் அப்படி ஒரு பாட்டில் இருந்தால், அடுத்த முறை டாக்டரிடம் எடுத்துப் போய்க் காட்டுங்கள்.