நாளைக்கே ஊருக்குப் போகணும்: சிங்கப்பூரிலிருந்து கடைசி நேர டிக்கெட்

ராத்திரி பத்தரைக்கு மேல் அண்ணன் போன் அடித்தால் எனக்கு வயிற்றைப் பிசையும். ஊரில் சாவு, உடனே கிளம்பு என்று சிங்கப்பூரில் பத்து வருஷம் இருந்தவர்களுக்கு அப்படி ஒரு போன் எப்போதாவது வந்திருக்கும். எனக்கு மூன்று தடவை வந்தது. முதல் தடவை கை நடுங்க, திரையில் முதலில் வந்த டிக்கெட்டை எடுத்தேன். மூன்றாவது தடவை அதில் கிட்டத்தட்ட பாதி விலைக்கு ஊர் போய்ச் சேர்ந்தேன். நடுவில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு நம்பிக்கையை விட்டுவிடுங்கள். 'கடைசி நேரத்தில் காலி சீட்டை மலிவாகத் தள்ளிவிடுவார்கள்' என்று யாராவது சொல்லி, நீங்களும் விடியும் வரை காத்திருந்தால் விலை ஏறத்தான் செய்யும். ஒரே விமானத்தின் சீட்டுகளை நிறுவனம் பல விலை அடுக்குகளாகப் பிரித்து வைத்திருக்கும், கீழ் அடுக்கு விற்றுத் தீர்ந்ததும் அடுத்த அடுக்கு திறக்கும். அதோடு நாளைக்குப் போகிறவனுக்கு வேறு வழியில்லை என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும். பிரவுசரை ரகசிய முறையில் திறந்து தேடினால் விலை இறங்கும் என்பதையும் நம்பி நேரத்தை வீணாக்காதீர்கள். நீங்கள் யோசித்துக்கொண்டிருந்த பத்து நிமிஷத்தில் வேறு யாரோ அந்தச் சீட்டை எடுத்திருப்பார்கள், அவ்வளவுதான்.

நம்மில் பலர் பணத்தை விடுவது, டிக்கெட் தேடும்போது 'திருச்சி' என்று மட்டும் தட்டுவதில்தான். ஊர் தஞ்சாவூராகவோ புதுக்கோட்டையாகவோ இருக்கும், திருச்சியில் இறங்கினால் வீட்டு வாசலில் இறங்கின மாதிரி, சரிதான். ஆனால் ஒரு சாவுச் செய்தி வந்த ராத்திரியில் அந்த ஒரே வழித்தடத்தில் நாலைந்து சீட்டுதான் மிச்சம் இருக்கும். கூகுள் ஃப்ளைட்ஸில் போய்ச் சேரும் இடத்தில் ஒரே நேரத்தில் ஏழு விமான நிலையம் வரை கொடுக்கலாம். திருச்சி, சென்னை, மதுரை, கோவை, திருவனந்தபுரம், கொச்சி, பெங்களூரு என்று ஏழையும் போடுங்கள். நாகர்கோவில்காரருக்குத் திருவனந்தபுரம்தான் பக்கம், ரெண்டு மணி நேரத்தில் வீடு. கோவையில் இறங்கினால் திருச்சிக்குப் பஸ்ஸில் ஐந்து மணி நேரம் போல ஆகும். பெங்களூரு, கொச்சி இரண்டையும் நம் ஆட்கள் யோசிப்பதே இல்லை, ஆனால் ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம் பக்கம் என்றால் பெங்களூருவும், பொள்ளாச்சி, தேனி பக்கம் என்றால் கொச்சியும் நல்ல வழி. மலிவாகத் தெரிகிற டிக்கெட்டோடு பஸ் அல்லது டாக்ஸி செலவையும், எத்தனை மணிக்கு வீடு போய்ச் சேர்வீர்கள் என்பதையும் கூட்டிப் பாருங்கள். மத்தியானம் எடுக்கப்போகிறார்கள் என்றால் பெங்களூருவில் நூறு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) மிச்சம் பிடித்து என்ன பண்ண?

குடும்பத்தோடு போகிறவர்களுக்கு ஒரு விஷயம், எனக்கு இது தெரிய ரொம்ப நாள் ஆனது. நாலு பேருக்குச் சேர்த்துத் தேடினால், நாலு சீட்டும் ஒரே விலை அடுக்கில் இருந்தால்தான் அந்த விலையைக் காட்டும். கீழ் அடுக்கில் இரண்டு சீட்டுதான் மிச்சம் என்றால் நாலு பேருக்குமே மேல் அடுக்கு விலை போட்டுவிடும். அதனால் முதலில் ஒருவருக்கு மட்டும் தேடுங்கள், அப்புறம் இரண்டு பேருக்கு. விலை எங்கே குதிக்கிறது என்று பார்த்து டிக்கெட்டைப் பிரித்து எடுங்கள். சின்னப் பிள்ளைகள் இருந்தால் ஒவ்வொரு டிக்கெட்டிலும் ஒரு பெரியவர் இருக்கும்படி பிரிக்க வேண்டும். விமானம் ரத்தானாலோ நேரம் மாறினாலோ இரண்டு டிக்கெட்டையும் தனித்தனியாகத்தான் மாற்ற வேண்டியிருக்கும், அந்தத் தலைவலியையும் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

விலையைப் பார்ப்பதற்குத் தேடல் தளம், வாங்குவதற்கு விமான நிறுவனத்தின் சொந்தத் தளம். நாளை காலை விமானம் என்றால் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. இரண்டாவது தடவை பதினெட்டு வெள்ளி குறைவு என்று கேள்விப்படாத ஒரு தளத்தில் எடுத்தேன். பணம் போய்விட்டது, 'உறுதி செய்யப்படுகிறது' என்று ஆறு மணி நேரம் சுற்றிக்கொண்டிருந்தது, கடைசியில் சீட் இல்லை, பணம் திரும்ப வரும் என்று ஒரு மின்னஞ்சல். அதற்குள் நேரடி விலை நூறு வெள்ளிக்கு மேல் ஏறியிருந்தது.

காத்திருந்தால் விலை இறங்காது என்றேன், அதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு: சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் இருக்கிற டிராவல் ஏஜெண்டுகள். சில ஏஜெண்டுகள் குரூப் சீட்டாக மொத்தமாக முன்கூட்டியே வாங்கி வைத்திருப்பார்கள், விற்காவிட்டால் நஷ்டம் அவர்களுக்குத்தான், அதனால் கடைசியில் குறைத்துக் கொடுப்பதும் உண்டு. இந்த விலை எந்தத் தளத்திலும் தெரியாது. தெரிந்த ஏஜெண்ட் ஒருவரின் வாட்ஸ்அப் எண்ணை இப்போதே சேமித்து வையுங்கள். டிக்கெட் கைக்கு வந்ததும் அதிலுள்ள பிஎன்ஆரை, அதாவது முன்பதிவு எண்ணை, விமான நிறுவனத்தின் தளத்தில் போட்டு, உங்கள் பெயர் பாஸ்போர்ட்டில் இருக்கிற மாதிரியே வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மீதிப் பணம்.

கோலாலம்பூர் வழியும் இருக்கிறது. அங்கிருந்து ஏர் ஆசியாவும் பாத்திக் ஏரும் திருச்சிக்குப் பறக்கின்றன, சிங்கப்பூர் விலை தாறுமாறாக ஏறுகிற தீபாவளி நேரத்தில் இது கைகொடுக்கலாம். பஸ்ஸில் ஐந்தாறு மணி நேரம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்றால் மலேசியா போகும் எல்லைப் பாலத்திலேயே உயிர் போகும். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு 2023 டிசம்பரிலிருந்து மலேசியா முப்பது நாள் விசா விலக்கு கொடுத்து வருகிறது, கிளம்பும் முன் அது இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு, அவர்களுடைய இணைய வருகைப் படிவத்தையும் நிரப்பிவிடுங்கள். பஸ் தாமதமானால் விமானம் உங்களுக்காக நிற்காது, இரண்டும் தனித்தனி டிக்கெட். நான் என்றால் ஆறு மணி நேரமாவது இடைவெளி விடுவேன்.

மைல் சேர்த்து வைத்திருப்பவர்கள் அதைத் தொடுவதற்கு இதைவிட நல்ல நாள் கிடையாது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் மைல் திட்டமான கிரிஸ்ஃப்ளையரில் சேவர் இடம் (குறைந்த மைலில் கிடைக்கிற சீட்) திறந்திருந்தால், காசு விலை இரண்டு மடங்கு ஆன நாளிலும் அதே மைல்தான் கேட்கும்.

பெட்டி விஷயத்தில் ஏமாறாதீர்கள். பட்ஜெட் விமானமான ஸ்கூட்டின் அடிப்படை விலையில் கையில் கொண்டு போக 10 கிலோதான், ஏர் ஆசியாவில் 7 கிலோ. துக்கத்துக்குப் போகிறவருக்கு அது போதும். யாராவது தைலமும் மைலோவும் கொடுத்துவிட்டால் மறுத்துவிடுங்கள், கவுண்டரில் எடைக்குக் கேட்கிற காசில் டிக்கெட்டில் மிச்சம் பிடித்தது போய்விடும்.

சிங்கப்பூர் பாஸ்போர்ட்காரர்கள் விலையைப் பார்ப்பதற்கு முன் ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினர் விசா இல்லாமல் இந்தியா வந்து போக வைத்திருப்பது) எங்கே என்று பாருங்கள். சுற்றுலா இ-விசாவுக்குக் குறைந்தது நாலு நாள் முன்னால் விண்ணப்பிக்கச் சொல்கிறார்கள், அதனால் அட்டையும் விசாவும் இல்லாமல் நாளைக்கு டிக்கெட் எடுத்துப் பயனில்லை.

திரும்பும் டிக்கெட்டை அன்று ராத்திரியே எடுக்க வேண்டியதில்லை. பட்ஜெட் விமானங்களில் போக ஒரு விலை, வர ஒரு விலை என்று தனித்தனியாகத்தான் இருக்கும், சேர்த்து எடுப்பதால் பெரிதாக ஒன்றும் குறையாது. மற்ற விமானங்களில் போய்வர எடுக்கிற டிக்கெட் விலை சில நேரம் ஒருவழி விலையைவிடப் பெரிதாக ஏறியிருக்காது, அதை மட்டும் ஒரு தடவை ஒப்பிட்டுப் பாருங்கள். காரியம் பதினாறாம் நாளா, முன்னாலேயே முடிக்கிறார்களா என்று பெரியவர்கள் பேசி முடித்த அன்றைக்கே திரும்பும் டிக்கெட்டை எடுத்துவிடுங்கள். பதினைந்தாம் நாள் ராத்திரி உட்கார்ந்து தேடினால் அதுவும் கடைசி நேர டிக்கெட்தான்.