குளிர் நாட்டுப் பயணம்: பெட்டி கட்டும்போதே செய்துவிடும் தவறுகள்

பனி கொட்டும் ஊருக்குப் போகிறோம் என்றதும் பலருக்கும் தோன்றுவது ஒரே யோசனைதான். கடையில் இருப்பதிலேயே கனமான ஜாக்கெட் ஒன்றை வாங்கிவிட வேண்டும். கையில் இருக்கும் பணத்தில் பெரும்பகுதி அதற்கே போய்விடும். மிச்சத்துக்கு ஒரு குல்லாய், ஒரு ஜோடி கையுறை. அப்புறம் அலமாரியில் கிடக்கும் ஜீன்ஸும் பருத்தி பனியன்களும் பெட்டிக்குள் ஏறிவிடும். முதல் முறை நானும் அப்படித்தான் கிளம்பினேன். ஜாக்கெட் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதைப் போட்டுக்கொண்டு வேகமாக ஒரு மேடு ஏறி, உச்சியில் நின்று வேடிக்கை பார்த்த பத்தாவது நிமிடம் பல் கிட்டிக்கொண்டது. கோளாறு ஜாக்கெட்டில் இல்லை. உள்ளே போட்டிருந்த பனியன் வியர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

குளிருக்குப் பெட்டி கட்டுகிறவர்கள் வெப்பமானியில் இருக்கும் எண்ணைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். உண்மையில் ஆளைச் சாய்ப்பது ஈரமும் காற்றும். தண்ணீர், காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வெப்பத்தைக் கடத்தும். அதனால் நனைந்த துணியைப் போட்டுக்கொண்டு நிற்பது, உடம்புச் சூட்டை வெளியே அனுப்ப நாமே வழி செய்துகொடுப்பது மாதிரி. அந்த ஈரம் மழையிலிருந்து வர வேண்டும் என்றில்லை. சொந்த வியர்வையே போதும்.

எனவே முதலில் பெட்டியிலிருந்து எடுத்துப் போட வேண்டியது பருத்தி. பருத்தி வியர்வையைக் குடித்துவிட்டு அப்படியே வைத்துக்கொள்ளும், சீக்கிரம் காயாது. ஜீன்ஸும் பருத்திதான், பனியில் நனைந்தால் பலகை மாதிரி விறைத்துவிடும். அதற்குப் பதிலாக உடம்பை ஒட்டிப் போடும் முதல் அடுக்கு மெல்லிய கம்பளியாகவோ, பாலியெஸ்டர் தெர்மலாகவோ இருக்கட்டும். கம்பளி தன் எடையில் சுமார் 30 சதவீதம் வரை ஈரத்தை இழுத்துக்கொண்டும் ஈரமாகத் தெரியாது. கம்பளி என்றாலே அரிக்குமே என்று தயங்க வேண்டாம், மெரினோ ஆட்டின் கம்பளி மிருதுவானது. அதில் வாடையும் எளிதில் ஏறாது என்பதால் ஒரு வாரப் பயணத்துக்கு இரண்டு செட் போதும். நாளுக்கொன்றாக ஏழு தெர்மல் கொண்டுபோகிறவர்கள் வீணாகத்தான் சுமக்கிறார்கள்.

அடுத்தது அடுக்குகள். துணி சூட்டை உண்டாக்குவதில்லை. சூடு உடம்பிலிருந்துதான் வருகிறது. துணிகளுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்று அதை ஓடவிடாமல் பிடித்துவைக்கிறது. இது மனதில் பதிந்துவிட்டால் பாதித் தவறுகள் தானாகவே நின்றுவிடும். ஒரே ஒரு தடித்த ஸ்வெட்டரைவிட, மெல்லிய தெர்மல், அதன்மேல் ஃப்ளீஸ் எனும் மெத்தென்ற செயற்கை இழைத் துணி அல்லது கம்பளி, எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் தண்ணீரும் புகாத ஜாக்கெட் என்று மூன்று அடுக்கு போடுவது எப்போதும் மேல். நடக்கும்போது ஒன்றைக் கழற்றலாம், நிற்கும்போது திரும்பப் போடலாம். வியர்த்த பிறகு கழற்றுவதில் பயனில்லை, வியர்க்கும் முன்பே ஜிப்பைத் திறந்துவிட வேண்டும். ஆகவே நடு அடுக்கு, தலைவழியாக மாட்டும் ரகமாக இல்லாமல் முன்பக்கம் ஜிப் வைத்ததாக இருந்தால் வசதி.

இன்னொரு காரணமும் உண்டு. குளிர் நாடுகளில் கட்டடங்களுக்குள் குளிராது. கடை, ரயில், அருங்காட்சியகம் எல்லாமே 20 டிகிரிக்கு மேல் கதகதப்பாக வைத்திருப்பார்கள். உள்ளே தெர்மல், வெளியே கனத்த ஜாக்கெட், நடுவில் ஒன்றுமில்லை என்று போனவர்கள் ஜாக்கெட்டைக் கழற்றினால் உள்ளாடையோடு நிற்க வேண்டும், கழற்றாவிட்டால் வெந்து போக வேண்டும்.

ஜாக்கெட் வாங்கும்போது சட்டையோடு போட்டுப் பார்த்து அளவு எடுப்பதும் தவறுதான். உள்ளே போடப்போகும் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு பாருங்கள், கையைத் தூக்கிப் பாருங்கள். இறுக்கிப் பிடித்தால் காற்று நிற்க இடமில்லை என்று பொருள்.

எந்தக் குளிர்?

"எவ்வளவு வடக்கே போகிறீர்கள்?" என்ற கேள்வியை வைத்துப் பெட்டி கட்டினால் ஏமாந்துவிடுவோம். ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகரில் ஜனவரி மாதச் சராசரி வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். அட்லாண்டிக்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான நீரோட்டம்தான் காரணம். ஆனால் அங்கே காற்று ஆளைத் தள்ளும், மழையும் பனியும் கலந்து பக்கவாட்டில் அடிக்கும். குடை கொண்டுபோனால் முதல் தெருமுனையிலேயே கம்பி வெளியே வந்துவிடும். பின்லாந்தின் ரோவனியெமி ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டி, கடலைவிட்டு உள்ளே இருக்கிறது; அங்கே ஜனவரியில் மைனஸ் 10 சாதாரணம், சில இரவுகள் மைனஸ் 30 வரை இறங்கும். ஆனால் அது வறண்ட குளிர். நார்வேயின் ட்ரோம்சோ அதையும்விட வடக்கே, 69 டிகிரி அட்சரேகையில் இருந்தும், கடலோரம் என்பதால் ரோவனியெமி அளவுக்கு உறைவதில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பறவை இறகு அடைத்த டவுன் ஜாக்கெட் ரோவனியெமியில் ராஜா. ரெய்க்யவிக் மழையில் அதுவே நனைந்த தலையணை. இறகு நனைந்தால் உப்பல் போய்விடும், உப்பல் போனால் காற்றைப் பிடிக்காது, சூடும் நிற்காது. ஈரக் குளிருள்ள ஊருக்கு செயற்கை இழை அடைத்ததும், மேலே தண்ணீர் புகாத ஓர் உறையும்தான் சரி.

காற்றின் கணக்கையும் பார்த்துவிடுங்கள். மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகக் காற்று வீசினால், திறந்திருக்கும் தோலுக்கு அது கிட்டத்தட்ட மைனஸ் 20 மாதிரி. முன்னறிவிப்பில் வெப்பநிலையை மட்டும் பார்த்துவிட்டுக் காற்று வேகத்தைப் பார்க்காமல் விடுவது பலர் செய்யும் பிழை.

கால், கை

ஜாக்கெட்டில் காட்டும் அக்கறையில் பாதியைக் காலில் காட்டினால் பயணம் பிழைக்கும். பெரும்பாலானவர்கள் வழக்கமான அளவில் பூட்ஸ் வாங்கி, குளிருமே என்று இரண்டு மூன்று காலுறைகளைத் திணித்துக்கொள்கிறார்கள். பூட்ஸ் இறுகும், ரத்த ஓட்டம் குறையும், காற்றுக்கு இடமிருக்காது. ஒற்றைக் காலுறை போட்டவரைவிட மூன்று போட்டவருக்குச் சீக்கிரம் விறைக்கும் வேடிக்கை இதனால்தான். பூட்ஸைத் தடித்த கம்பளிக் காலுறையோடு போட்டுப் பார்த்து, உள்ளே விரல்கள் தாராளமாக அசையும்படி ஓர் அளவு பெரிதாக வாங்குங்கள். அடிப்பாகம் தடிமனாக இருக்கட்டும், ஏனென்றால் உறைந்த தரை பாதத்தின் வழியாகத்தான் சூட்டை உறிஞ்சும். உள்ளே ஒரு கம்பளி மெத்தைத் தகடு போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது. உள்தகடு தனியே கழன்று வரும் பூட்ஸாக இருந்தால் இரவில் உருவி உலர வைக்கலாம். வலைத்துணி வைத்த ஓட்டக் காலணி பனிக்கு உதவாது. புத்தம் புதிய பூட்ஸைப் பயணத்தன்றே முதல்முறையாகப் போடாதீர்கள். குறைந்தது பத்து நாளாவது போட்டு நடந்து பழக வேண்டும்.

வழுக்கல் இன்னொரு விஷயம். கடுங்குளிரில் இறுகிக் கிடக்கும் பனியைவிட, பூஜ்யத்தை ஒட்டி உருகி உருகி உறையும் பனிக்கட்டிதான் ஆளை விழத்தட்டும். பூட்ஸுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும் ரப்பர் வார் கோத்த முள்பட்டைகள் உண்டு. உள்ளங்கை அளவுதான் இருக்கும், எடையும் இல்லை. பட்டியலில் இது இல்லாமல் போகிறவர்கள்தான் மணிக்கட்டில் கட்டோடு திரும்புகிறார்கள். கட்டடத்துக்குள் நுழையும்போது கழற்ற மறக்காதீர்கள், வழுவழுப்பான தரையில் அந்த முள்ளே வழுக்கும்.

கையுறையில் விரல்கள் தனித்தனியாக இருப்பதைவிட நான்கும் ஒன்றாகக் கிடக்கும் மிட்டன் ரகம் சூடு. ஆனால் அதைப் போட்டுக்கொண்டு போனைத் தொட முடியாது. எனவே மெல்லிய கையுறை உள்ளே, மிட்டன் மேலே. ஒன்று தொலைந்தே தீரும் என்று வைத்துக்கொண்டு மாற்று ஜோடி ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மின்சாதனங்கள்

லித்தியம் பேட்டரிக்குக் குளிர் ஆகாது. 40 சதவீதம் காட்டிக்கொண்டிருந்த போன், இரவு வானில் தெரியும் வடக்கொளியை (நார்தர்ன் லைட்ஸ்) படமெடுக்கத் தூக்கிய கணத்தில் அணைந்துபோகும். போனை ஜாக்கெட்டின் வெளிப்பையில் வைப்பதை விட்டுவிட்டு உடம்பை ஒட்டிய உள்பையில் வையுங்கள். கேமராவுக்கு மாற்று பேட்டரி அவசியம், அதுவும் உள்பையில்தான். குளிரிலிருந்து அறைக்குள் வரும்போது கேமராவை அப்படியே கொண்டுவந்தால் லென்சில் நீர் வியர்க்கும். வெளியிலேயே ஜிப் வைத்த பிளாஸ்டிக் பைக்குள் போட்டு மூடிவிட்டு உள்ளே கொண்டுவந்து, ஓரிரு மணி நேரம் திறக்காமல் வைத்தால் நீர் பைக்கு வெளியே படியும். காசில்லாத வைத்தியம், ஆனால் அந்தப் பையைப் பெட்டியில் வைக்கத்தான் ஆள் இல்லை.

பவர் பேங்க் விமானத்தில் கைப்பையில்தான் வர வேண்டும். பொதுவாக 100 வாட்-மணி வரை தனி அனுமதி கேட்பதில்லை, அதாவது பவர் பேங்க்மேல் அச்சிட்டிருக்கும் கணக்கில் ஏறக்குறைய 27,000 எம்.ஏ.எச் (mAh). செருகி முனையையும் பாருங்கள். நார்வே, பின்லாந்து, ஐஸ்லாந்து போன்ற நார்டிக் நாடுகளில் 230 வோல்ட், இரண்டு உருண்டைக் கம்பிகள். கனடாவில் 120 வோல்ட், தட்டைக் கம்பிகள். செருகி மாற்றி மின்னழுத்தத்தை மாற்றாது என்பதால் முடி உலர்த்தும் கருவி போன்றவற்றை வீட்டிலேயே விட்டுவிடலாம்.

யாரும் நினைக்காத சில

நீச்சலுடை. குளிர் நாட்டுக்கு நீச்சலுடையா என்று சிரிப்பார்கள். ஐஸ்லாந்தில் பனி விழும்போதே வெந்நீர்க் குளத்தில் கழுத்தளவு உட்கார்ந்திருப்பதுதான் ஊர்ப் பழக்கம். குளத்தில் இறங்கும் முன் நீச்சலுடை இல்லாமல் சோப்புப் போட்டுக் குளித்தாக வேண்டும் என்ற விதியும் உண்டு, முன்பே தெரிந்திருந்தால் கூச்சம் குறையும். பின்லாந்தில் சவுனா எனும் சூட்டறைக் குளியல் அன்றாட வாழ்க்கையோடு ஒட்டியது. 2020-இல் யுனெஸ்கோ அதைப் பண்பாட்டு மரபாகப் பட்டியலிட்டது.

கிழியாத காலுறை. நார்டிக் நாட்டு வீடுகளில் வாசலிலேயே காலணியைக் கழற்றிவிடுவார்கள்.

கறுப்புக் கண்ணாடி. புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். மார்ச், ஏப்ரலில் போகிறவர்களுக்கு இதுவும் சன்ஸ்கிரீனும் கட்டாயம். நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடு வரை ட்ரோம்சோ போகிறவர்களுக்குச் சூரியனே உதிக்காது, அவர்கள் விட்டுவிடலாம். மே கடைசியிலும் ஜூனிலும் அதே ஊரில் சூரியன் மறையாது. அப்போது தூங்குவதற்குக் கண்பட்டை வேண்டும். கோடைதானே என்று அரைக்கைச் சட்டையோடு போவதும் தவறு, ஜூலையிலும் ஸ்வெட்டர் தேவைப்படும்.

முகத்துக்கும் உதட்டுக்கும் தண்ணீர் அதிகமுள்ள லோஷனைவிட வாசலின் மாதிரிக் களிம்பு நல்லது.

எதைக் கொண்டுபோகக் கூடாது என்பதும் கொஞ்சம். பனி வண்டி, வடக்கொளிச் சுற்றுலா போன்றவற்றை நடத்துகிறவர்கள் பெரும்பாலும் முழு உடம்பையும் மூடும் கனத்த உடையும் பூட்ஸும் அவர்களே தருவார்கள். பதிவு செய்யும்போது கேட்டுவிட்டால், அந்த ஒரு இரவுக்காக மைனஸ் 30 உடை வாங்க வேண்டியதில்லை. சின்னச் சக்கரம் வைத்த பெரிய பெட்டியும் வேண்டாம். பனியில் சக்கரம் உருளாது, பெட்டி ஏர் மாதிரி உழுதுகொண்டு வரும்.

கடைசியாக, எல்லாக் குளிர் உடையையும் சரக்கில் போகும் பெட்டியில் அடைத்துவிட்டு மெல்லிய சட்டையோடு விமானம் ஏறுவது. பெட்டி தாமதமானால் வெளியே கால் வைக்க முடியாது. ஒரு செட் தெர்மல், குல்லாய், கையுறை, மருந்துகள் கைப்பையில் வரட்டும். இன்சுலின் கட்டாயம் கைப்பையில்தான். ஒருமுறை உறைந்துவிட்டால் உருகிய பிறகும் பயன்படுத்தக் கூடாது, ஊர் சுற்றும்போதும் அதை உடம்பை ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். பூட்ஸைக் காலில் போட்டுக்கொண்டே ஏறுங்கள், பெட்டியில் பாதி இடம் மிச்சமாகும். ஜாக்கெட் கையில் இருக்கட்டும், விமானத்தில் தலையணைக்கும் ஆகும்.