பார்வைக் குறைபாடுள்ள குழந்தையிடம் டேப்லெட் கொடுக்கும் முன்

பார்வைக் குறைபாடோ பல குறைபாடுகளோ உள்ள சின்னக் குழந்தைக்கு ஆப் தேடுகிறீர்களா? ஒரே நேரத்தில் பத்து உருவங்கள் துள்ளுவதை முதலில் ஒதுக்கிவிடுங்கள். கறுப்புப் பின்னணியில் மஞ்சளோ சிவப்போ ஒரே ஓர் உருவம், தொட்டதும் ஒரு சத்தம், கொஞ்சம் அசைவு. ஆரம்பத்துக்கு இது போதும். மூளை சார்ந்த பார்வைக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு நெரிசலான திரையில் எதையும் பிரித்துப் பார்ப்பது கஷ்டம்.

ஆப்பைவிட செட்டிங்ஸ்தான் முக்கியம் என்பேன். ஐபேடில் அக்சஸிபிலிட்டி பகுதியில் ‘கைடட் ஆக்சஸ்’ இருக்கிறது. அதை ஆன் செய்து, ஆப்பைத் திறந்து, ஹோம் பட்டனை (அது இல்லாத மாடலில் மேல் பட்டனை) மூன்று முறை அழுத்துங்கள். மெனுவோ விளம்பரமோ வரும் மூலையை விரலால் வட்டமிட்டுவிட்டால் அங்கே எத்தனை முறை தட்டினாலும் ஒன்றும் ஆகாது. குழந்தை தெரியாமல் ஆப்பை விட்டு வெளியே போகவும் முடியாது. ஆண்ட்ராய்டில் ஆப்பை விட்டு வெளியே போகாமல் தடுக்க ‘ஆப் பின்னிங்’ உண்டு. ஆனால் மூலையை முடக்கும் வசதி அதில் இல்லை.

கை தவறித் தவறித் திரையில் பட்டுவிடும் குழந்தை என்றால், ஐபேடில் ‘டச் அக்காமடேஷன்ஸ்’ போய் ‘ஹோல்ட் டியூரேஷன்’ (எவ்வளவு நேரம் தொட்டால் அதைத் தொடுதலாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற அளவு) வையுங்கள். போகிற போக்கில் படும் தொடுதலை ஐபேட் கண்டுகொள்ளாது.

அப்புறம், டேப்லெட்டைச் சாய்வான ஸ்டாண்டில் வைத்து, விளக்கு வெளிச்சம் திரையில் பளபளக்கிறதா என்று குழந்தையின் கண் மட்டத்துக்குக் குனிந்து பாருங்கள். ‘பாரு, பாரு’ என்று பேசிக்கொண்டே இருக்காதீர்கள். முதலில் பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு கை நீட்டும் பிள்ளைகள் உண்டு. கவனிக்கவில்லை என்று நினைத்து அந்தக் கையைப் பிடித்துத் திரையில் வைக்க வேண்டாம்.