பழைய புகாரா கத்தி வாங்கும்போது செய்யக்கூடாதவை

மத்திய ஆசியக் குறுவாள்களைச் சேர்க்கத் தொடங்குபவர்கள் செய்யும் தவறுகளில் மிகக் கொடியது, வாங்கி வந்ததும் உப்புத்தாளை எடுத்துப் பளபளவென்று தேய்ப்பது. இன்றைய உஸ்பெகிஸ்தானில் உள்ள புகாராவின் 'கார்ட்' கத்திகள் (நேரான, ஒருபக்கக் கூருள்ளவை) பலவற்றின் அலகு ஊட்ஸ் எஃகால், அதாவது மூசை என்ற மண்கலத்தில் உருக்கிய எஃகால் ஆனது. அதில் நீரலைபோல் ஓடும் வரிகள் எஃகுக்குள் உள்ள கார்பைடு என்ற இரும்பு-கரிமச் சேர்மத் துகள்களின் அணிவகுப்பு. அமிலம் தடவித்தான் கொல்லர்கள் அவற்றைக் கண்ணுக்குக் கொண்டுவந்தார்கள். தேய்த்தால் வரி மறையும். கைதேர்ந்தவர் மறுபடி அமிலம் கொடுத்து அதை மீட்கலாம். ஆனால் மேலே மெல்லிசாகப் பதித்த பொன் வேலைப்பாடு தேய்ந்துவிட்டால் போனது போனதுதான். அலகின் கருமை துரு அல்ல, காலத்தின் படிவு. அதைத் தொடவே வேண்டாம். செந்துரு இருந்தால் தையல் மெஷின் எண்ணெயில் ஊறவிட்டுப் பருத்தித் துணியால் துடையுங்கள். அதற்குமேல் போகாதீர்கள். துடைத்த கத்தியைப் பழைய தோலுறைக்குள்ளேயே வைத்தால் தோல் இழுத்த ஈரத்தில் மறுபடி துரு ஏறும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் தனித்தனியாக வையுங்கள்.

வரி தெரிந்தாலே 'நம் தென்னிந்திய உருக்கு' என்று மகிழ்வதும் அவசரம். தென்னிந்திய உருக்கு பாரசீகம் வரை போனது உண்மை. ஆனால் இன்றைய துர்க்மெனிஸ்தானின் மெர்வ் நகரிலும் ஃபெர்கானாப் பள்ளத்தாக்கின் அக்சிகெத்திலும் மூசை எஃகு உருக்கிய தடயங்கள் கிடைத்துள்ளன. போதாக்குறைக்கு, சாதாரண எஃகில் அமிலத்தால் வரி வரைந்தும் விற்கிறார்கள்.

அலகில் 1300 என்று பொறித்திருந்தால் எழுநூறு ஆண்டுப் பழமை என்று நினைக்காதீர்கள். அது ஹிஜ்ரி ஆண்டாக இருக்கலாம். நம் கணக்கில் 1882-83.

உறையில் பதித்த டர்க்காய்ஸ் என்ற நீலப்பச்சைக் கல்லில் மயங்குபவர்களும் அதிகம். புகாராவை ஆண்ட அமீரின் பரிசு என்ற கதையும் கூடவே வரும். அமீர்கள் ரஷ்ய அதிகாரிகளுக்கு இப்படிப் பரிசளித்தது உண்மைதான், அமீர்களின் ஆட்சி 1920 வரை நீடித்தது. கதைக்குக் காகிதம் இல்லையென்றால் அதற்கு விலை கொடுக்காதீர்கள். கத்தி உறைக்குள் எப்படி இறங்குகிறது என்று பாருங்கள்: கார்டின் பிடியில் பாதிக்கு மேல் உறைக்குள் போய்ப் பொருந்த வேண்டும். ஆடினாலோ நெருடினாலோ வேறு கத்தியின் உறையாக இருக்க வாய்ப்புண்டு.

பிடியின் பொருளை விசாரிக்காமல் பணம் கட்டாதீர்கள். எலும்பில் கருநிறத் துளைகள் தெரியும், யானைத் தந்தத்தின் குறுக்குவெட்டில் வலைபோல் கோடுகள் பின்னும், வால்ரஸ் என்ற கடல் விலங்கின் தந்தத்தில் நடுப்பகுதி குருணையாக இருக்கும். இந்தியாவில் யானைத் தந்தத்தை வாங்குவதும் விற்பதும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.