கார் ரேஸ் படத்தின் இரண்டாம் பாகத்தை எடைபோடுவது எப்படி?

"வேகம் இருக்கு, கதை இல்லை." கார் ரேஸ் படத்தைப் பற்றி எழுத உட்காரும் பலர் இந்த ஒரு வரியோடு எழுந்துவிடுகிறார்கள். ரேஸ் படத்தில் கதை வசனத்தில் மட்டும் இருப்பதில்லை, பந்தயத்துக்குள்ளும் இருக்கிறது. அதை எப்படித் தேடுவது என்று 2003-இல் வந்த 'டூ ஃபாஸ்ட் டூ ஃபியூரியஸ்' படத்தை வைத்துப் பார்க்கலாம். முடிவு வரை பேசப்போகிறேன், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

படி 1: முதல் பாகம் வைத்த பாக்கியை எழுதுங்கள்

2001-இல் வந்த முதல் பாகமான 'தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃபியூரியஸ்' படத்தில், ரகசிய போலீஸான பிரையன் கடமைக்கும் நட்புக்கும் நடுவில் தவித்து, தான் பிடிக்கவேண்டிய கொள்ளைக் கும்பலின் தலைவன் டொமினிக்கை (வின் டீசல்) கடைசியில் தப்பவிடுகிறான். அந்தத் தவிப்புதான் படத்தின் உயிர். இரண்டாம் பாகத்தில் வின் டீசல் இல்லை. இயக்குநரும் ராப் கோஹன் அல்ல, ஜான் சிங்கிள்டன். ஊரும் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து மயாமிக்கு மாறிவிட்டது.

விட்டுப்போன இடத்தில் வருபவன் ரோமன் (டைரீஸ் கிப்சன்). தான் ஜெயிலுக்குப் போனதற்குப் பிரையன்மேல் கோபமாக இருக்கும் பழைய நண்பன். இருவரும் ஒருவரையொருவர் வாரிக்கொள்ளும் காட்சிகள் நன்றாகவே எடுபடுகின்றன. ஆனால் முதல் பாகத்தில் நட்பு நம் கண்முன் வளர்ந்தது. இங்கே பழங்கதையாகச் சொல்லப்படுகிறது. கலகலப்பு கூடியிருக்கிறது, கனம் குறைந்திருக்கிறது. இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: ஒவ்வொரு பந்தயத்துக்கும் இரண்டு கேள்விகள்

அதிக நேரம் செலவிட வேண்டியது இங்கேதான். எதைப் பணயம் வைக்கிறார்கள்? பந்தயம் முடிந்ததும் என்ன மாறுகிறது?

தொடக்கப் பந்தயத்தில் நான்கு கார்கள். வெள்ளி நிற ஸ்கைலைன், பிங்க் நிற எஸ்2000 என்று பார்த்ததுமே மனதில் நிற்கிற வண்டிகள். திறக்கும் பாலத்தின்மேல் கார் பறக்கிறது. கண்ணுக்கு விருந்துதான், ஆனால் பணயம் வெறும் பணம். கதையை நகர்த்துவது அந்த வெற்றி அல்ல, அதற்குப் பின் போலீஸ் பிரையனைப் பிடித்து, வில்லனான கடத்தல்காரனிடம் டிரைவராகச் சேர்ந்து உளவு பார்க்கச் சொல்வது.

வில்லனிடம் டிரைவர் வேலைக்கான போட்டியில் பணயம் கொஞ்சம் கூடுகிறது. பறிமுதல் செய்யப்பட்ட ஃபெராரியில் இருக்கும் பொட்டலத்தை முதலில் கொண்டுவருபவருக்கே வேலை.

எனக்குப் பிடித்தது மூன்றாவது: தோற்றவன் காரையே கொடுத்துவிட வேண்டிய ரிலே பந்தயம். பிரையனும் ரோமனும் 1969 கமாரோவையும் 1970 சேலஞ்சரையும் ஜெயிக்கிறார்கள். பிறகு போலீஸ் துரத்தும்போது, கிடங்கிலிருந்து ஏகப்பட்ட கார்கள் ஒரே நேரத்தில் சிதறி ஓடும் குழப்பத்தில், அந்தக் கார்களில்தான் தப்புகிறார்கள். போலீஸ் மடக்கும் பழைய கார்களில் இருப்பது அவர்களுடைய கூட்டாளிகள். ஜெயித்த பொருள் கதைக்குப் பயன்படுகிறது. ஒரு பந்தயத்தைப் பலம் என்று எழுத எனக்கு இது போதும்.

படி 3: சத்தத்தை அணைத்து ஒருமுறை பாருங்கள்

இசையும் எஞ்சின் உறுமலும் இல்லாமல் பார்க்கும்போது, யார் முன்னால், யார் பின்னால் என்று புரிகிறதா? தொடக்கப் பந்தயத்தில் வேகத்தைக் காட்ட, கம்ப்யூட்டரில் வரைந்த ஒளிக்கோடுகளை நம்பியிருக்கிறார்கள். சாலை மறைந்து வீடியோ கேம் மாதிரி ஆகிவிடுகிறது. அந்த வண்டிகளில் எத்தனை கியர்தான் இருக்கிறதோ, மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்!

படி 4: மற்றவர்கள்

வாளிக்குள் எலியை விட்டு ஒரு போலீஸ் அதிகாரியின் வயிற்றில் கவிழ்த்து மிரட்டும் காட்சி ஒன்றே வில்லனுக்குப் போதும். அவனுடைய துப்பாக்கிகளைவிட அதுதான் பயமுறுத்துகிறது. ரகசிய அதிகாரி மோனிகா (ஈவா மெண்டஸ்) யார் பக்கம் என்ற சந்தேகத்தைக் கிளப்பிவிட்டு, கடைசியில் அவரைப் பிணைக்கைதி ஆக்கிவிடுகிறார்கள். வீணடித்த பாத்திரம்.

படி 5: கடைசி சாகசம்

மோனிகாவோடு வில்லன் தப்பிக்கும் சொகுசுப் படகின்மேல் கமாரோ பறந்துபோய் விழுகிறது. "நடக்குமா?" என்று கேட்காதீர்கள், இந்த வகைப் படத்தில் எதுவும் நடக்கும். நம்மை அதற்குத் தயார்படுத்தினார்களா என்று கேளுங்கள். பாலத்தில் பறந்த காட்சிக்கு இப்போதுதான் வேலை வருகிறது. அங்கே பணத்துக்காகப் பறந்தவன், இங்கே ஓர் உயிருக்காகப் பறக்கிறான். படி 2-இல் தொடக்கப் பந்தயத்துக்கு நீங்கள் குறைத்த மதிப்பெண்ணில் பாதியைத் திருப்பிக் கொடுக்கலாம்.

படி 6: எழுதும்போது

நிறை நான்கு, குறை நான்கு என்று சமமாகப் பங்கு போடாதீர்கள். உங்களை அதிகம் ஈர்த்த காட்சியிலிருந்து தொடங்குங்கள். ஒப்பிட ஒரு படம் வேண்டுமென்றால் 2006-இல் வந்த 'டோக்கியோ டிரிஃப்ட்' சரியாக இருக்கும். அதில் நாயகனுக்கு டிரிஃப்ட் அடிக்கவே (வளைவில் காரைப் பக்கவாட்டில் சறுக்கி ஓட்டவே) தெரியாது. கார் நிறுத்துமிடத்தில் நடக்கும் முதல் டிரிஃப்ட் போட்டியில் இரவல் காரை நொறுக்கி அவமானப்படுகிறான், அந்தக் கடனை அடைக்கத்தான் வேலைக்குச் சேர்கிறான். படி 2-இன் இரண்டு கேள்விகளையும் அந்தத் தோல்வியிடம் கேட்டுப் பாருங்கள்.