கெய்தோண்டேயின் ஓவியங்களைப் பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்திய நவீன ஓவியர் வி. எஸ். கெய்தோண்டேயின் (1924–2001) ஓவியத்தின் முன் நிற்கும் பலர் முதலில் அதில் மறைந்திருக்கும் உருவத்தைத் தேடுகிறார்கள். மங்கிய பச்சையில் கடலையும் குறுக்கே ஓடும் கறுப்புத் தீற்றலில் படகையும் கண்டுபிடித்துவிட்டால், ஓவியம் பிடிபட்டுவிட்டதாக எண்ணிவிடுகிறார்கள். அவரோ தம் ஓவியங்களை ‘ஆப்ஸ்ட்ராக்ட்’ என்று அழைப்பதையே விரும்பாமல், புறப்பொருள் எதையும் சாராதவை என்றுதான் குறிப்பிட்டார். அந்த ஆங்கிலச் சொல்லில், ஏதோ ஒன்றிலிருந்து பிரித்தெடுத்தது என்ற பொருள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நம்முடைய ‘அரூபம்’ என்ற சொல்லுக்கு அந்தச் சுமை இல்லை. அவருக்கு அதுவே பொருத்தமானது என்று எனக்குத் தோன்றுகிறது.

இதைவிடப் பெரிய தவறு, இவை மனம் போன போக்கில் வண்ணத்தை வீசி வரைந்தவை என்று கருதுவது. மும்பை ஜே. ஜே. கலைப் பள்ளியில் முறையாகப் பயின்று 1948இல் பட்டயம் பெற்றவர் அவர். தொடக்க காலத்தில் மனித உருவங்களையும் வரைந்திருக்கிறார். பிற்காலத்தில் தூரிகையைவிட ரோலரையும் தட்டைக் கத்தியையும் அதிகம் நம்பினார். ஈரம் காயாத வண்ணத்தின் மேல் கிழித்த தாள் துண்டுகளை வைத்து அழுத்தி எடுப்பார். தாளோடு கொஞ்சம் வண்ணம் போய்விட, அடியிலிருந்த படலம் மேலே தெரியும். ஆகவே அந்த ஓவியங்களின் ஒளி, பூசியதில் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு நீக்கியதிலும் இருக்கிறது. எதை விடுவது, எதை எடுப்பது என்று யோசிப்பதிலேயே நெடுநேரம் செலவிட்டதால், ஓர் ஆண்டில் அவர் முடித்தவை மிகச் சிலவே. இந்தப் படலங்கள் கைப்பேசித் திரையில் ஒரே நிறமாகத் தட்டையாகிவிடுகின்றன என்பதால், நிழற்படத்தை மட்டும் பார்த்து அவரை மதிப்பிடுவது நியாயமாகாது.

தனிமையை நாடியவர் என்பதற்காக, உலகம் அறியாத துறவியாக அவரைச் சித்திரிப்பதும் சரியன்று. 1950இல், மும்பையின் நவீன ஓவியர்கள் அமைத்திருந்த முற்போக்குக் கலைஞர்கள் குழுவில் சேர்ந்தார். அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் உதவித்தொகையில் 1964இல் நியூயார்க் சென்றார். இசையிலும் திரைப்படத்திலும் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டிருந்தார்.

1984இல் நேர்ந்த விபத்தோடு அவருடைய கலை முடிந்துவிட்டது என்பாரும் உண்டு. ஆனால் பெரிய கான்வாஸ்களைக் கையாள முடியாத அந்த ஆண்டுகளில் அவர் சிறிய தாள்களில் மையால் வரைந்தார்; உடல் ஓரளவு தேறிய பின் பெரிய கான்வாஸ்களுக்கே திரும்பினார்.