நினைவு மலருக்குப் படங்களை அச்சுக்குத் தயார்செய்வது எப்படி?

மறைந்தவரின் 31ஆம் நாளுக்கு நினைவு மலர் கையில் இருக்க வேண்டும். படங்கள் யாழ்ப்பாணத்திலிருந்தும் லண்டனிலிருந்தும் டொரொண்டோவிலிருந்தும் வட்ஸ்அப்பில் வந்து குவிகின்றன. கொழும்பில் வெள்ளவத்தையோ கொட்டாஞ்சேனையோ, எந்த அச்சகத்துக்குப் போனாலும் கொடுத்த ஃபைலைத்தான் அச்சிடுவார்கள். மங்கிய முகத்தைத் தெளிவாக்கித் தர அங்கே யாருக்கும் நேரமில்லை. படம் கெடுவது பெரும்பாலும் மெஷினில் அல்ல. அது அச்சகத்துக்குப் போகும் முன்னரே நம் கையில் கெட்டுவிடுகிறது.

இங்கே சொல்வது ஏ5 அளவுப் புத்தகத்துக்கானது. கலியாண அழைப்பிதழ், விழா மலர் என்றாலும் வேலை இதேதான்.

1. முதலில் அச்சகத்தைக் கேளுங்கள்

படத்தைத் திறப்பதற்கு முன்னரே கேட்க வேண்டியவை: ஓப்செட்டா (தகடு வைத்து அச்சிடுவது), டிஜிட்டலா (தகடில்லாமல் ஃபைலிலிருந்து நேரே)? தாள் பளபளப்பான ஆர்ட் பேப்பரா, சாதாரணத் தாளா? எந்தக் கலர் ப்ரொஃபைல் (அந்த மையிலும் தாளிலும் நிறம் எப்படி வரும் என்ற கணக்கு)? பிளீட் (வெட்டு விளிம்புக்கு வெளியே படத்தை நீட்டி வைக்கும் பகுதி) எத்தனை மில்லிமீற்றர்? ப்ரொஃபைல் பற்றித் தெளிவான பதில் கிடைக்காவிட்டால் ஆர்ட் பேப்பருக்கு ஃபோக்ரா39 என்ற ஐரோப்பிய ப்ரொஃபைலை வைத்துக்கொள்ளுங்கள். ஃபோட்டோஷொப்பில் முன்கூட்டியே இருக்கும் 'யூஎஸ் வெப் கோட்டட்' அமெரிக்க அச்சுமுறைக்கானது. நடுவில் பின் அடிக்கும் புத்தகம் என்றால் பக்க எண்ணிக்கை 4ஆல் வகுபட வேண்டும். படங்களைப் பங்கிடும்போதே இதை மனதில் வையுங்கள்.

2. மூலப் படத்தை வாங்குங்கள்

வட்ஸ்அப்பில் வழக்கம்போல் அனுப்பிய படத்தின் நீளப் பக்கம் பெரும்பாலும் 1600 பிக்சல் அளவிலேயே நின்றுவிடும். எச்டி தெரிவில் அனுப்பினாலும் சுருக்கம் முழுதாய்ப் போகாது. எனவே அனுப்புபவரிடம், “மாமி, இணைப்புக் குறியை அழுத்தி 'டொகியுமென்ட்' என்று போட்டு அனுப்புங்கோ” என்று சொல்லிவிடுங்கள். அப்படி அனுப்பினால் மூல ஃபைல் அப்படியே வரும். முகநூலிலிருந்து இறக்கியதும், திரையைப் பிடித்த ஸ்கிரீன்ஷொட்டும் கடைசி வழி மட்டுமே.

ஐபோன் படங்கள் ஹெய்க் வடிவில் வரும். அச்சகக் கொம்பியூட்டரில் அவை திறக்காமல் போகலாம். நீங்களே உயர்தர ஜேபெக்காக மாற்றிக் கொடுங்கள்.

3. பழைய படங்களை ஸ்கேன் செய்தல்

போனால் படம் பிடித்தால் கண்ணாடிப் பளபளப்பும் கோணலும் வரும். தட்டையான ஸ்கேனரே நல்லது. கண்ணாடியை முதலில் துடையுங்கள். கறுப்பு வெள்ளைப் படமானாலும் கலரிலேயே ஸ்கேன் செய்து, டிஃப்பாகச் (தரம் குறையாத ஃபைல் வடிவம்) சேமியுங்கள். மஞ்சள் கறைகளை ஒரு நிற அடுக்கில் தனியாகப் பிடித்து நீக்க அது உதவும்.

எத்தனை டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி)? அதே அளவில் அச்சிட 300 போதும், இரு மடங்காக்க 600 வேண்டும். கையில் இருப்பது கடவுச்சீட்டுப் படம் ஒன்றுதான் என்பது அடிக்கடி நேர்வது. அதன் உயரம் 45 மிமீ. அதை 10 செமீ உயரத்துக்கு அச்சிட ஏறத்தாழ 670 டிபிஐ தேவை, ஆகவே 600 போதாது. 1200 வையுங்கள்.

பட்டுத்துணி போன்ற புள்ளிப் பரப்புள்ள பழைய தாளில் ஒவ்வொரு புள்ளியும் ஒளியைத் திருப்பிவிடும். அதை ஒருமுறை நேராகவும் ஒருமுறை 180 பாகை திருப்பியும் ஸ்கேன் செய்து, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, மேலடுக்கை 50 சதவீதமாக்கினால் புள்ளிகள் பெருமளவு அடங்கும். பத்திரிகையிலோ பழைய மலரிலோ வந்த படமென்றால் ஸ்கேனரில் 'டிஸ்கிரீன்' தெரிவைப் போடுங்கள். இல்லாவிட்டால் வலைபோன்ற கோலம் விழும்.

4. பிக்சல் கணக்கு

'300 டிபிஐ படம்' என்று தனியாக ஒன்று இல்லை. எத்தனை பிக்சல், எந்த அளவில் அச்சாகிறது என்ற இரண்டும் சேர்ந்துதான் 300 வரும். ஏ5 முழுப்பக்கம் 148 × 210 மிமீ. நான்கு பக்கமும் 3 மிமீ பிளீட் சேர்த்தால் 154 × 216 மிமீ, அதாவது 1819 × 2551 பிக்சல். வட்ஸ்அப்பின் 1600 பிக்சலை அந்த உயரத்துக்கு இழுத்தால் 188 டிபிஐதான் மிஞ்சும். முகம் குழையும். அதே படத்தை 13 செமீக்குள் வைத்தால் குறையே தெரியாது. சின்னப் படத்தைச் சின்னதாகவே போடுங்கள்.

ஃபோட்டோஷொப்பில் 'இமேஜ் சைஸ்' திறந்து, 'ரீசாம்பிள்' என்ற பெட்டியில் உள்ள சரியை எடுத்துவிட்டு, 300 என்று அடியுங்கள். அகலம் உயரமாகக் காட்டுவதுதான் அந்தப் படம் தாங்கும் உண்மையான அளவு. சரியை எடுக்காமல் 300 அடித்தால் இல்லாத பிக்சலை மென்பொருள் ஊகித்து நிரப்பும். எண் அழகாக இருக்கும், படம் மங்கலாகவே இருக்கும்.

செயற்கை நுண்ணறிவால் படத்தைப் பெரிதாக்கும் செயலிகளை மறைந்தவரின் முகத்துக்குப் பயன்படுத்தாதீர்கள். கண்ணும் பல்லும் கூர்மையாக வரும், ஆனால் அவை அவருடையவையாக இரா. வீட்டுக்காரர் அதை முதல் பார்வையிலேயே கண்டுகொள்வார்கள்.

5. கறுப்பு வெள்ளைப் படம்: பலர் தவறும் இடம்

கலரில் ஸ்கேன் செய்த பழைய படத்தை அப்படியே சிஎம்வைகேக்கு மாற்றினால், அதன் சாம்பல் நிறம் சியான், மெஜெந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மையாலும் உருவாகும். மெஷின் ஓடும்போது ஒவ்வொரு மையும் கொஞ்சம் கூடும், குறையும். வண்ணப் படத்தில் அது கண்ணில் படாது. சாம்பலிலோ உடனே தெரியும். ஒரு பிரதியில் அப்பாவின் நெற்றியில் பச்சை படிந்திருக்கும், அடுத்த பிரதியில் ரோஸ். நெற்றியிலுள்ள திருநீறும் அதே சாயத்தோடு வரும்.

கறைகளைத் திருத்தி முடித்ததும் 'மோட்' போய் 'கிரேஸ்கேல்' ஆக்குங்கள். இப்போது ஒரே மை, கறுப்பு மட்டும். சாயம் பிடிக்க வழியே இல்லை. பக்கத்தில் வேறு நிறம் எதுவும் இல்லையென்றால் டிஜிட்டல் அச்சில் அந்தப் பக்கத்துக்குக் கறுப்பு வெள்ளை விலையே கேட்கலாம்.

மாற்றியபின் 'லெவல்ஸ்' பாருங்கள். மிக இருண்ட இடத்தில் கறுப்பு மை 95 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, முகத்தின் மிக வெளிச்சமான இடம் 3 முதல் 5 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது. போனால் அங்கே மையே விழாது, நெற்றியில் வெள்ளை ஓட்டைபோல் தாள் தெரியும். தாளில் மைப்புள்ளி தடிக்கும். ஆர்ட் பேப்பரில் 50 சதவீதப் புள்ளி 65 அளவுக்கு அச்சாகும், சாதாரணத் தாளில் அதற்கும் மேலே. அதனால் 'கர்வ்ஸ்'இல் நடுப்பகுதியைச் சற்று வெளிறவைத்துக் கொடுங்கள்.

6. வண்ணப் படம்

சிஎம்வைகேக்கு மாற்ற 'கன்வர்ட் டு ப்ரொஃபைல்' பயன்படுத்துங்கள். 'அசைன் ப்ரொஃபைல்' எண்களை மாற்றாமல் பெயரை மட்டும் மாற்றும், அதனால் நிறம் தடம்புரளும். மாற்றும் முன் ஆர்ஜிபி (திரைக்கான சிவப்பு, பச்சை, நீல நிறமுறை) ஃபைலைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். மயில்நீலச் சேலை, கிளிப்பச்சைக் கரை போன்றவை சிஎம்வைகேயில் மங்கத்தான் செய்யும். எவ்வளவு முயன்றாலும் அந்த மினுக்கம் மையில் வராது.

முகத்தைத் திரையை நம்பிச் சரிபார்க்காமல் எண்ணால் பாருங்கள். கன்னத்தின்மேல் சுட்டியை வைத்தால் 'இன்ஃபோ' பலகையில் மஞ்சள், மெஜெந்தாவுக்குச் சமமாக அல்லது சற்றுக் கூட இருக்க வேண்டும். மெஜெந்தா மிஞ்சினால் முகம் சிவந்துவிடும். சியான், மெஜெந்தாவின் மூன்றிலொன்று முதல் பாதிவரை. கருமையான முகங்களில் இன்னும் கொஞ்சம் கூடலாம்.

நான்கு மைகளின் கூட்டுத்தொகை ஆர்ட் பேப்பரில் 300 சதவீதத்துக்குள் நிற்பது நல்லது. மிஞ்சினால் மை காயாமல் அடுத்த தாளின் முதுகில் ஒட்டும். கொழும்பின் ஈரக்காற்றில் காய இன்னும் நேரம் பிடிக்கும்.

திரையின் வெளிச்சத்தைப் பாதியளவுக்குக் குறைத்துவிட்டுத்தான் நிறம் பாருங்கள். 'அச்சில் இருட்டாக வந்துவிட்டது' என்ற முறைப்பாட்டுக்குப் பெரும்பாலும் காரணம் திரை அதிகம் ஒளிர்வதே. கூர்மையாக்கலைக் கடைசியாக, இறுதி அளவில் செய்யுங்கள்: 'அன்ஷார்ப் மாஸ்க்' அளவு 100 முதல் 120, ஆரம் 1 பிக்சல், த்ரெஷோல்ட் 3.

7. எழுத்தும் பிடிஎஃப்பும்

படத்தின் கீழ் வரும் பெயர்களை ஃபோட்டோஷொப்பில் எழுதாதீர்கள், பக்கம் அமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் எழுதுங்கள். பணம் கட்ட விருப்பமில்லையென்றால் ஸ்கிரைபஸ் போதும். எழுத்தின் நிறம் கறுப்பு 100, மற்றவை 0. ஆர்ஜிபி கறுப்பு சிஎம்வைகேயாக மாறும்போது 75, 68, 67, 90 போன்ற நான்கு மைக் கலவையாகிவிடும். அச்சுத் தகடு (பிளேட்) மயிரிழை விலகினாலும் 'ண்', 'ன்' ஆகியவற்றின் புள்ளியைச் சுற்றி நிற நிழல் தெரியும், 'ஜ'வின் வளைவு அடைபடும்.

இன்டிசைனில் 'கொ'வின் கொம்பு இடம்மாறி நின்றால், பத்திப் பலகையில் 'வேர்ல்ட் ரெடி பராகிராஃப் கொம்போசர்' தெரிவுசெய்யுங்கள். யூனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் அடித்த வாசகம் எழுத்துரு இல்லாத இடத்தில் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். பிடிஎஃப்பைத் திறந்து, 'ப்ரொப்பர்டீஸ்', 'ஃபொன்ட்ஸ்' பார்த்து, ஒவ்வொன்றுக்கும் அருகே 'எம்பெடெட்' (எழுத்துரு ஃபைலுக்குள்ளேயே பதிந்துள்ளது) என்று இருப்பதை உறுதிசெய்யுங்கள்.

பிடிஎஃப்பை வெளியே எடுக்கும்போது பிளீட் 3 மிமீ, வெட்டுக் குறிகள், அச்சுக்கான பிடிஎஃப்/எக்ஸ்-4 வடிவம். பழைய மெஷின் என்றால் எக்ஸ்-1ஏ கேட்பார்கள். முகமும் பெயரும் வெட்டு விளிம்பிலிருந்து 5 மிமீ உள்ளே இருக்கட்டும். முழுப் பிரதியும் ஓடுவதற்கு முன் ஒரு பிரதி மாதிரி எடுத்து, கடையின் குழல்விளக்கில் அல்லாமல் வெளியே பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

பின்சேர்க்கை

மாலை போடும் பெரிய படத்தை ஃபோட்டோ லேபில் போடுவதென்றால் சிஎம்வைகே ஆக்க வேண்டாம். லேப் மெஷின் எதிர்பார்ப்பது எஸ்ஆர்ஜிபி (ஆர்ஜிபியின் பொதுவான வகை) ஜேபெக். மாற்றிக் கொடுத்தால் சில மெஷின் ஏற்காது, சிலதில் நிறம் செத்துவரும்.

கண்ணீர் அஞ்சலிப் பதாகைக்கு 300 டிபிஐ தேடி அலைய வேண்டியதில்லை. எட்டு அடித் துணியைத் தெருவில் நின்றுதான் பார்க்கிறார்கள், முழு அளவில் 72 முதல் 100 போதும். ஆனால் மலரில் சின்னதாகப் போட்ட 1600 பிக்சல் படத்தை நான்கடி உயரத்துக்கு இழுத்தால் 33 டிபிஐதான் வரும். பதாகைக்கு வேறு படம் கேட்டு வாங்குங்கள்.